தீக்குச்சி கிழிக்காத வீடு

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் மருந்து கலக்குகிற மேஸ்திரி நான். நான் கலக்கிய மருந்தில் முக்கியெடுத்த குச்சி கல்கத்தா வரைக்கும் போய் அடுப்பு மூட்டுகிறது என்று முதலாளி சொல்வார். காற்றடித்தாலும் ஒரே உரசலில் பற்றும், எங்கள் குச்சி ஆளை ஏமாற்றாது. ஆனால் என் சொந்த வீட்டுக்குள் ஒரு குச்சியைக் கிழிக்க எனக்கு உரிமை கிடையாது. கலெக்டர் விடாது.

கலெக்டர் என்றால் எங்கள் நாய். பேர் நான் வைத்ததில்லை, தெரு வைத்தது. எங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் மனுக் கொடுக்க வந்தவர்கள் மாதிரி தள்ளியே நின்று, "கலெக்டர் உள்ள இருக்காவளா, வெளிய இருக்காவளா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார்கள். கேட்காமல் வந்த பால்காரர் ஒருவர் இப்போது அடுத்த தெருவோடு திரும்பிவிடுகிறார்.

ஒரு தீபாவளிக்கு மறுநாள் ரயில்வே பாலத்துக்கு அடியில் கிடந்ததை நான் எடுத்து வந்தேன். எவனோ புண்ணியவான் வாலில் சரவெடியைக் கட்டிக் கொளுத்திவிட்டிருக்கிறான். பாதி வாலைத் தீபாவளி எடுத்துக்கொண்டது, மீதிப் பாதியோடு என் பின்னால் வந்தது. அன்றிலிருந்து தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டால் போதும், அதற்கு இந்த உலகமே வால் பக்கம் வெடிக்கிற மாதிரி ஆகிவிடும். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஓடும், குறுக்கே எது வந்தாலும் பல் பதியும். பின்னாலிருந்து எது வேகமாக வந்தாலும் ஆகாது, சைக்கிளோ கோழியோ.

அதனால் எங்கள் அம்மா சொர்ணத்தாய் அடுப்பு மூட்டப் பக்கத்து வீட்டு எஸ்தர்ராணியிடமிருந்து ஒரு சிரட்டையில் கங்கு வாங்கி வருவாள். "ஊருக்கெல்லாம் நெருப்பு விக்குதவன் வீட்ல நான் நெருப்புப் பிச்சை எடுக்கேன்" என்று தினமும் ஒருமுறை சொல்லாவிட்டால் அவளுக்குக் காப்பி இறங்காது. நான் பீடி பற்றவைக்கத் தெருமுனைக்கு நடப்பேன்.

இப்படி இருந்தவனுக்கு எழுபத்தொன்பதாம் வருஷம் கல்யாணம் நடந்தது.

பெண் பார்க்கப் போனபோது எங்கள் தரகர் சொன்னது மூன்று விஷயம். மாப்பிள்ளை பீடி குடிக்கமாட்டார், கோபப்படமாட்டார், வீட்டில் ஒரு நாய் உண்டு, ரொம்ப சாது. மூன்றில் ஒன்றுதான் உண்மை. எது என்று நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பெண் பெருமாயிக்குப் புதூரைத் தாண்டி ஒரு கிராமம். மாமனார் வன்னியபெருமாள் நாய் வளர்க்கிற மனிதர். சும்மா நாயில்லை, கன்னி என்கிற வேட்டை நாய். கறுத்த உடம்பு, கண்ணுக்கு மேலே பொட்டு வைத்த மாதிரி இரண்டு செவ்வட்டம், ஓடினால் முயலுக்கு அன்றோடு கதை முடிந்தது. அந்தக் குட்டியை அவர்கள் வீட்டில் விலைக்குக் கொடுப்பதில்லை. பெண்ணைக் கொடுக்கும்போது சீரோடு சீராக ஒரு குட்டி கொடுப்பார்கள். கல்யாணத்தன்று எங்களுக்குரிய குட்டி இன்னும் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்ததால், "பால் மறந்ததும் அனுப்புதோம் மாப்ளே" என்றார் மாமனார். ஆடிக்கு மகளை அழைத்துப் போக வரும்போது குட்டி வீட்டில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பாராம். அது அவர்கள் வழக்கம்.

"பாத்து? நல்லா இல்லேன்னா?" என்று பெருமாயியிடம் கேட்டேன்.

"குட்டியத் திருப்பித் தூக்கிட்டுப் போயிருவாவ."

"அவ்வளவுதானே?"

"எங்க சின்னத்தைக்கும் அப்படித்தான். குட்டியத் தூக்கினாவ. கூடவே அத்தையையும் கூட்டிட்டு வந்துட்டாவ. அப்புறம் அனுப்பவே இல்ல." இதைச் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனி பிறந்ததும் குட்டி வந்தது. மச்சினன் சண்முகராஜ் ஒரு நார்ப்பெட்டிக்குள் வைத்து, மூடியில் துணி கட்டி, பஸ்ஸில் கொண்டுவந்தான். வாசலில் நின்று அவன் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. ஊருக்குப் புதுசு.

பெட்டிக்குள்ளிருந்து ஒரு 'ங்கீ' என்ற சத்தம்தான் கேட்டது. கலெக்டர் புறவாசலில் படுத்திருந்தது. அங்கிருந்து முன்வாசலுக்கு இடையில் இருந்த எதையும் அது தொட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. பெட்டி பறந்தது, சண்முகராஜ் பறந்தான், நான் கலெக்டர் மேல் விழுந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையோடு தரையாகப் படிவரைக்கும் இழுபட்டேன். பெட்டியை எஸ்தர்ராணி பிடித்தாள். அவள் வீட்டு வாசலில் கோழிக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தவள், பந்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

"அண்ணாச்சி, குட்டிக்கு ஒண்ணுமில்ல! நீங்க உயிரோட இருக்கீயளா?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

"தெரியல, பாத்துச் சொல்லுதேன்" என்றேன் தரையிலிருந்து.

பெருமாயி சிரிக்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கலெக்டரைப் புறவாசலில் படுத்தபடிதான் அவள் பார்த்திருந்தாள். கலெக்டரைப் புறவாசலில் கட்டிவிட்டு வந்த என்னைப் பார்த்து நின்றாள். "சாதுன்னு சொன்னீங்க."

"தரகர் சொன்னாரு."

"ஆளக் கடிச்சிருக்கா இது?"

நான் கூரையைப் பார்த்தேன். எங்கள் கூரையில் பார்க்க ஒன்றும் கிடையாது.

"எங்க வீட்ல ஆளக் கடிச்ச நாய வச்சுக்கிட மாட்டாவ" என்றாள். "குட்டி இங்க இருந்தே ஆகணும். அதனால இது போகணும்."

போகட்டும் என்றால் எங்கே போகும்? தெருவே பார்த்துப் பயப்படுகிற நாயை எவன் கூட்டிப்போவான்? ஆபீஸ் காவலுக்கு விடலாம் என்றால், தீப்பெட்டி ஆபீஸில் இந்த நாயை விடுவதைவிட மருந்து வைக்கிற கிட்டங்கியில் நான் பீடி குடிக்கலாம். மிச்சம் இருந்தது முனிசிபாலிட்டி நாய் வண்டி. அதில் ஏறிய நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை. அம்மாவே அந்த வார்த்தையைச் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் பெருமாயி புறவாசலுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன், தடுக்கவா பிடிக்கவா என்று தெரியாமல். எங்கள் புறவாசலில் விறகுக்குப் பருத்திமார் அடுக்கிய படப்பு ஒன்று இருந்தது. பருத்தி எடுத்து முடிந்த செடியைப் பிடுங்கிக் காயவைத்து, ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்போம். அதன் அடியில் கலெக்டர் பிராண்டிப் பிராண்டி ஒரு பொந்து செய்து வைத்திருந்தது. தீபாவளி வாரம் முழுக்க அதற்குள்தான் குடித்தனம். கயிறு நீளும் மட்டும் உள்ளே போய், தலையை மட்டும் மண்ணில் வைத்துப் படுத்திருந்தது. உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது.

அவள் பக்கத்தில் போகவில்லை. எட்ட நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"இது கோவக்கார நாயில்ல," என்றாள். "பயந்த நாய். இது அதவிடக் கஷ்டம்."

"அப்போ?"

"எங்கப்பா ஆடி அழைக்க வரட்டும். அதுக்குள்ள ரெண்டும் ஒரே வாசல்ல நிக்கணும். நின்னா, இது இருக்கட்டும். இல்லேன்னா நீங்களே வண்டியில ஏத்தி விடணும். நான் ஏத்த மாட்டேன், அத்தையும் ஏத்த மாட்டாவ. நீங்க."

நடந்ததை அப்பாவிடம் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சண்முகராஜை அவள் பஸ் ஏற்றினாள். பொட்டு என்று பேர் வைத்த அந்தக் குட்டி எஸ்தர்ராணி வீட்டிலேயே தங்கியது. முதல் காரியமாகப் பெருமாயி கலெக்டர் படுக்கும் கோணிச்சாக்கைக் கிழித்துப் பாதியைப் பொட்டுக்கு விரித்தாள், பொட்டு படுத்த துணியைக் கலெக்டருக்குப் போட்டாள். ஆட்டுக் கிடைக் காவலுக்குப் புது நாய்க்குட்டி சேர்க்க அவள் ஊரில் இப்படித்தான் செய்வார்களாம். கலெக்டர் அந்தத் துணியை முகர்ந்தது. பிறகு அதன் மேல் ஒன்றுக்குப் போனது.

"இது நல்லதா கெட்டதா?" என்று கேட்டேன்.

"தெரியல. எங்க நாய்ங்க இப்படிச் செஞ்சதில்ல."

அடுத்தது நடை. வீட்டுக்குள் ஒன்றை ஒன்று பார்க்கவிடக் கூடாது, பொது இடத்தில்தான் பார்க்க வேண்டும் என்றாள். ஊருக்குத் தெற்கே அறுவடை முடிந்து வெறிச்சென்று கிடந்த கரிசல் காட்டுக்கு விடியற்காலையில் போவோம். வெடிப்பு விழுந்த தரையில் காலை விட்டால் கணுக்கால் வரைக்கும் உள்ளே போகும். ஒரு வரப்பில் நானும் கலெக்டரும், எதிர் வரப்பில் அவளும் பொட்டும். நடுவில் ஒரு காடு அகலம். இரண்டு பேரும் ஒரே திசையில் நடக்க வேண்டும், நிற்கக் கூடாது, கயிற்றை இழுக்கக் கூடாது. நான் பயந்தால் கயிறு வழியாக அதற்கும் பயம் போகும் என்றாள். பயப்படாத மாதிரி நடிக்க நான் சீட்டியடித்துக்கொண்டு நடந்தேன். கலெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் நான் அதன் முன்னால் சீட்டியடித்ததே இல்லை, அதனால் அது இன்னும் அதிகமாகப் பயந்தது.

நாளாக ஆகக் காட்டின் அகலத்தைக் குறைத்தோம். கலெக்டரின் முதுகு மயிர் நின்றால் விலகுவோம். படிந்தால் ஓரடி நெருங்குவோம். படிந்ததா நின்றதா என்று பார்த்துப் பார்த்து எனக்கே முதுகு கூசும். ஆபீஸில் மருந்துச் சட்டியின் சூட்டைக் கைவைத்தே சொல்லிவிடுவேன். இங்கே அது ஒன்றும் உதவவில்லை.

ஒருநாள் பொட்டு பெருமாயி கையிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டது. குட்டிக்கு என்ன தெரியும், இன்னொரு நாயைக் கண்ட சந்தோஷம். பின்னாலிருந்து ஓடி வந்தது. கலெக்டருக்கு ஆகாத ஒரே விஷயத்தை அப்படியே செய்தது. கலெக்டர் திரும்பியபோது அதன் உதடு சுருண்டு கடைவாய்ப் பல்வரை தெரிந்தது. நான் என்ன செய்தேன் என்றால், இரண்டுக்கும் நடுவில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். வீரம் என்று பெருமாயி நினைத்தாள். வெடிப்பில் கால் மாட்டி விழுந்தேன் என்று நான் திருத்தவில்லை. அதற்குள் அவள் வந்து குட்டியை அள்ளிக்கொண்டாள்.

அன்று முதல் அகலம் திரும்பவும் கூடியது. ஆனி ஓடிக்கொண்டிருந்தது.

ஆபீஸில் உடைந்து கிடந்த, குச்சி அடுக்குகிற மரச் சட்டங்களை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து, புறவாசலின் நடுவே ஒரு வேலி கட்டினேன். ஒரு பக்கம் கலெக்டர், மறுபக்கம் கொஞ்ச நேரம் பொட்டு. முதலில் கலெக்டர் வேலியைப் பார்த்து உறுமியது. பிறகு வேலிக்கு முதுகு காட்டிப் படுத்தது. "முதுகு காட்டுது, நல்ல காலம்" என்றாள் பெருமாயி. அப்புறம் ஒருநாள் சட்டத்தின் இடுக்கு வழியாகப் பொட்டு மூக்கை நீட்டியது. கலெக்டர் எழுந்து வந்து அந்த மூக்குக்கு நேரே தன் மூக்கை வைத்து, மூச்சுவிடாமல் நின்றது. நாங்களும் மூச்சுவிடவில்லை. எஸ்தர்ராணி மதில் மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள், "ஏசுவே" என்றாள் மெதுவாக. கலெக்டர் விலகிப் போய்த் தண்ணீர் குடித்தது.

மாமனார் ஆடி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வியாழன் சாயங்காலம் பெருமாயி சொன்னாள்: "நாளைக்குக் காலையில உள்ள கொண்டாந்துருவோம். அப்பா வரும்போது குட்டி வீட்டுக்குள்ள நிக்கணும்."

அங்கேதான் அம்மா ஒரு புதுச் சட்டம் போட்டாள். "சீரா வந்த சீவன். ஆரத்தி எடுக்காம வாசப்படி மிதிக்கக் கூடாது. அன்னைக்கே எடுத்திருந்தா இந்தக் கூத்தெல்லாம் நடந்திருக்குமா?"

"எம்மா, சூடம் கொளுத்தணுமே" என்றேன்.

"ஏலே, நான் என்ன கிறுக்கியா? கங்குலதான் பத்தவைப்பேன்."

வெள்ளிக்கிழமை காலை ஆடிக் காற்று மண்ணை வாரித் தெருவில் இறைத்துக்கொண்டிருந்தது. ஏற்பாடு இதுதான்: நான் கலெக்டரைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் முன்கட்டில் நிற்பேன். பெருமாயி பொட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே. நடுவில் அம்மா, தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ரத்தச் சிவப்புத் தண்ணீர், அதன் நடுவே வெற்றிலையில் சூடம். எஸ்தர்ராணி சிரட்டையில் கங்கோடு.

கலெக்டர் என் காலோடு ஒட்டி நின்றது. முதுகு மயிர் பாதி எழுந்து பாதி படிந்திருந்தது. அதன் கண் பொட்டு மேலேயே இருந்தது, ஆனால் உறுமவில்லை. நான் சீட்டியடிக்கவில்லை. ஒரு பாடம் கற்றிருந்தேன்.

கங்கு சூடத்தைப் பற்றவைக்க மறுத்தது. எஸ்தர்ராணி ஊதினாள், பொறி பறந்தது, சாம்பல் அம்மா கண்ணில் விழுந்தது. காற்றில் கங்கே அணைந்துவிட்டது. "இன்னொரு கங்கு எடுத்துட்டு வாரேன் பெரியம்மா" என்று எஸ்தர்ராணி திரும்பினாள்.

அப்போதுதான் தெருவில் மாமனார் வந்தார். மத்தியானம் வருகிற மனிதர் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். தோளில் துண்டு, கையில் ஒரு பை, முகத்தில் சிரிப்பு. வாசலில் மகள், மகள் இடுப்பில் குட்டி, சம்பந்தி கையில் ஆரத்தி. எந்தத் தகப்பனுக்கும் மனசு குளிராதா?

"என்ன மைனி, தீப்பெட்டி ஆபீஸ் மேஸ்திரி வீட்ல தீப்பெட்டிக்கா பஞ்சம்!" என்று சொல்லிக்கொண்டே மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

"மாமா!" என்றேன் நான். "அப்பா!" என்றாள் பெருமாயி. "அண்ணாச்சி!" என்றாள் அம்மா. மூன்று பேரும் ஒன்றாகக் கத்தியதில் மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வரவேற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். குச்சியை உரசினார்.

எங்கள் ஆபீஸ் பெட்டி. லேபிளை நான் பார்த்தேன். நான் கலக்கிய மருந்து. அந்தக் காற்றிலும் ஒரே உரசலில் பற்றியது. என் வாழ்க்கையில் ஒரு குச்சியாவது நமுத்துப்போயிருக்கக் கூடாதா என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

கயிறு என் உள்ளங்கையைத் தீய்த்துக்கொண்டு போனது. கலெக்டர் முதலில் சுவரில் மோதியது, பிறகு அம்மாவின் காலில். தட்டு கவிழ்ந்து சிவப்புத் தண்ணீர் வாசல் முழுக்கச் சிதறியது. பெருமாயி தடுமாறியதில் பொட்டு அவள் இடுப்பிலிருந்து நழுவி அந்தத் தண்ணீரிலேயே விழுந்தது. கலெக்டர் திரும்பி முன்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று பாய்ந்தது. பொட்டு எழுந்து, ஒருமுறை உதறிக்கொண்டு, வீல் என்று கத்தியபடி அதன் பின்னாலேயே ஓடியது.

பின்னாலிருந்து. வேகமாக.

நாங்கள் புறவாசலுக்குப் போனபோது சட்ட வேலி சாய்ந்து கிடந்தது. தரையில் சின்னச் சின்னச் சிவப்புக் கால் தடம், பருத்திமார் படப்பின் பொந்துவரைக்கும். பொந்துக்குள்ளிருந்து உறுமல். பிறகு குட்டியின் ஒரு கூச்சல். பிறகு ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லை இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதற்குப் பதில் இன்னும் கொஞ்சம் உறுமியிருக்கலாம்.

மாமனார் கால் தடத்தைப் பார்த்தார். அவருக்கு அது ஆரத்தித் தண்ணீராகப் படவில்லை. மூலையில் கிடந்த உலக்கையை எடுத்தார். "படப்பப் பிரிங்க மாப்ளே."

"பிரிச்சா ரெண்டு மேலயும் சரியும்பா" என்றாள் பெருமாயி. முகம் வெளுத்திருந்தது.

"அப்போ குத்திக் கெளப்புதேன்."

"வேண்டாம் மாமா," என்றேன். "நான் போறேன்."

இதை நான்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஆனால் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். உலக்கை உள்ளே போனால் கலெக்டர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதற்கப்புறம் நான் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதும் தெரியும். நீங்க, என்று அவள் சொல்லியிருந்தாள்.

படுத்து ஊர்ந்தேன். பருத்திமாரின் நுனியெல்லாம் முதுகைக் கிழித்தது. விளக்கைக் கொண்டுபோக முடியாத இருட்டு. நாயும் தூசியும் பழைய பருத்தியும் கலந்த வாடை. "கலெக்டரே, நான்தாம்லே. ராமசுப்பு" என்றேன். இத்தனை வருஷம் பழகிய நாயிடம் பேரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டது நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மூச்சு இரைக்கிற சத்தம் கேட்டது. ஒரு மூச்சா, இரண்டா? எண்ணிப் பார்க்கக் காது ஒத்துழைக்கவில்லை, என் நெஞ்சு அவ்வளவு சத்தம் போட்டது.

கையை நீட்டினேன். பல் இறங்கியது.

கட்டைவிரலுக்குக் கீழே, எலும்பு வரைக்கும். கத்தியிருந்தால் உலக்கை வந்திருக்கும், அதனால் வாயில் கிடைத்த பருத்திமாரைக் கடித்துக்கொண்டேன். கையை இழுக்கவும் இல்லை. இழுத்தால் கிழியும். "சரிலே, சரிலே" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பல்லின் அழுத்தம் குறைந்தது. பிறகு வாய் திறந்தது. கலெக்டரின் உடம்பு முழுக்க ஆடிக்கொண்டிருந்தது, மோட்டார் ஓடுகிற மாதிரி.

கையை அதன் கழுத்தோடு கீழே கொண்டுபோனேன். மார்புக்கும் முன்னங்காலுக்கும் நடுவில் ஈரமாக ஒன்று. அதுவும் ஆடிக்கொண்டிருந்தது. தொட்டதும் 'ங்கீ' என்றது. இரண்டும் ஒரே ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தன. பயந்துபோன குட்டிக்கு ஒட்டிக்கொள்ள ஒரு நாய் வேண்டியிருந்திருக்கிறது. கலெக்டருக்கோ அந்த நேரத்தில் யாரையும் வெறுக்க நேரம் இல்லை.

"உசுரோட இருக்கு!" என்று கத்தினேன். வெளியே அம்மா அழ ஆரம்பித்தாள், அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து.

பொட்டைத் தள்ளி முன்னால் அனுப்பிவிட்டுப் பின்பக்கமாக ஊர்ந்தேன். நான் வந்துவிட்டேன், என் வேட்டி வரவில்லை. பருத்திமார் அதைப் பிடித்துவைத்துக்கொண்டது. மாமனார் முன்னால் பட்டாபட்டி அண்டர்வேரோடு எழுந்து நின்றேன். எஸ்தர்ராணி மதிலுக்கு அந்தப் பக்கம் தலையை இறக்கிக்கொண்டாள். சிரிக்கிற சத்தம் மட்டும் இந்தப் பக்கம் வந்தது.

யாரும் என்னைக் கவனிக்கவில்லை. பொட்டு தலை முதல் வால் வரை சிவப்பாக இருந்தது. மாமனார் அதை வாங்கி, வயிறு, கழுத்து, காது என்று விரலால் மயிரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். நான் அதன் முதுகில் விரலை வைத்து நக்கிப் பார்த்தேன். மஞ்சள். "மஞ்சள் மாமா" என்றேன். அவர் தன் துண்டால் துடைத்தார். துண்டு சிவந்தது, குட்டி கறுத்தது. ஒரு கீறல் இல்லை.

"கீறல் இல்ல" என்றார் அவரே, நம்பாத மாதிரி. பிறகு தரையைப் பார்த்தார். அங்கே புதிதாகச் சொட்டிக்கொண்டிருந்தது ஆரத்தித் தண்ணீர் இல்லை. என் கையைப் பிடித்துத் திருப்பினார். "இது?"

இரண்டு ஜோடிப் பல் தடம். முப்பது வருஷமாக நாய் வளர்க்கிறவருக்கு அதற்குப் பேர் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆளைக் கடித்த நாயை வைத்துக்கொள்ளாத வீடு. நான் கூரையைப் பார்க்கலாம் என்றால் புறவாசலில் கூரையும் இல்லை.

பெருமாயி முன்னால் வந்தாள். என் கையை அவர் கையிலிருந்து எடுத்து, முந்தானையின் ஓரத்தைக் கிழித்து, தடம் தெரியாமல் இறுக்கிக் கட்டினாள்.

"பருத்திமாரு கீறிட்டுப்பா" என்றாள்.

அவர் மகளைப் பார்த்தார். மகள் கண்ணை எடுக்கவில்லை. அவர் படப்பைப் பார்த்தார். பொந்தின் வாயில் ஒரு மூக்கு மட்டும் தெரிந்தது, அதன் எதிரே பொட்டு உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்ல கூர்மையான மாரு" என்றார். "டவுனுப் பக்கம் இப்படித்தான் வெளையுமோ என்னமோ. மாப்ளே, மொதல்ல வேட்டியக் கட்டும். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போயி, கீறின மாருக்கு ஊசி போடணுமான்னு கேட்டுட்டு வாரும்."

காப்பி குடித்துவிட்டு ஒரு பீடியை உதட்டில் வைத்தார். கை மடிக்குப் போய்த் தீப்பெட்டியைத் தொட்டது. அங்கேயே நின்றது. எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பற்றவைக்காத பீடியோடு தெருமுனை வரைக்கும் நடந்து போனார். எனக்கும் ஒரு பீடி தேவையாக இருந்தது. தரகர் சொல்லியிருந்ததை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிய கம்பவுண்டர், யார் கடித்தது என்று கேட்டார். "கலெக்டர்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். தொப்புளைச் சுற்றி ஊசி போட்டபோது அந்தப் பார்வையின் கோபமும் அதில் சேர்ந்திருந்தது.

சாயங்காலம் புதூர் பஸ்ஸில் தகப்பனும் மகளும் கிளம்பினார்கள். ஆடி முழுக்க அவள் அங்கே. ஜன்னலோரம் உட்கார்ந்தவள் குனிந்து சொன்னாள்: "வேலிய எடுத்துராதீங்க. தட்டத் தனித்தனியா வைங்க. பின்னால ஓட விடாதீங்க. நான் வரும்போது மூணு பேரும் முழுசா இருக்கணும்."

"மூணு பேரா?"

"உங்களையும் சேத்துத்தான்."

வீட்டுக்கு வந்து வேலியை நிமிர்த்திக் கட்டினேன். அம்மா எஸ்தர்ராணி வீட்டுக் கங்கில் அடுப்பு மூட்டிக் கொண்டிருந்தாள், புலம்பல் இல்லாமல். கலெக்டர் தட்டை இந்தப் பக்கம், பொட்டு தட்டை அந்தப் பக்கம் வைத்தேன். பொட்டு தன்னுடையதை விட்டுவிட்டுச் சட்டத்து இடுக்கில் மூக்கை நுழைத்தது. கலெக்டர் உறுமியது. பொட்டு மூக்கை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தது. நான் கட்டுப்போட்ட கையோடு நடுவில் நின்றேன், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் விழத் தயாராக. கலெக்டர் பொட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரும்பவும் குனிந்து சாப்பிட ஆரம்பித்தது.

அப்போது அந்தப் பாதி வால் ஒருமுறை ஆடியது. பெருமாயிக்குச் சொன்னால் நம்புவாள். நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை, ஈ விரட்டியதாகக்கூட இருந்திருக்கலாம்.